ஐந்து பைகள்

ஐப்பசியில் பிடித்த மழை.
பொங்கலுக்கு முற்றம் காயுமோ தெரியாது.
ஆனைக்கோட்டையில் எங்கள் ஒழுங்கை இப்போது ஒழுங்கை இல்லை,
ஒரு கையில் சைக்கிள், மறு கையில் சேலைத்தலைப்பு,
நான் நடந்து வருகிற வாய்க்கால்.

கந்தோர் விட்டு வந்து கால் கழுவி
தேத்தண்ணியை ஆறவைத்துவிட்டு
கட்டிலுக்குக் கீழே கையை விடுகிறேன்.
ஐந்து பைகள்.
எது கையில் அகப்படுகிறதோ
அதுதான் இன்றைக்கு என்று சொல்லிக்கொள்வேன்.
பொய்.
பார்த்துத்தான் எடுப்பேன்.

மேலதிகாரி கத்திய நாள் என்றால்
நீலப் போர்வை.
நேரே போய் நேரே திரும்பி வரும்,
யோசிக்க ஒன்றும் இல்லை.
நூற்றி அறுபது கண்ணி முடிய
அந்த மனிசனின் மீசைகூட ஞாபகம் வராது.

சம்பள நாளில் சாருமதியின் மேற்சட்டை:
நெஞ்சில் இரண்டு நெளி,
பாம்பும் பாம்பும் பிணைந்தமாதிரி.
ஒரு கண்ணி தவறினால் விடிய விடியப் பிரிக்க வேண்டும்.
"ஒஸ்லோவில கடை முழுக்க இது கிடக்குதக்கா."
"கிடக்கட்டும்" என்றேன்.
இரண்டாம் கை இன்னும் முழங்கையைத் தாண்டவில்லை.

காலுறை ஒற்றை.
இரண்டு வருடமாய் ஒற்றை.
அதற்கு மட்டும் மூங்கில் ஊசி சரிவராது;
தொண்ணூற்றிரண்டில் கடைகளில் ஒன்றும் இல்லாத நாளில்
மாணிக்கராசா சைக்கிள் கம்பியை அரத்தில் தீட்டித் தந்தது
இன்றைக்கும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.
கூலி கேட்டதற்கு
"காத்துப் போன ரியூப் இருந்தால் தா" என்றார்.

நாலாவது பையில் தொப்பிகள்.
தோடம்பழத்தில் போட்டுப் பார்த்துத்தான் அளவெடுப்பேன்.
பெரியாஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளின் அறைக்கு
எமல்டா மிஸ்ஸி வெள்ளிக்கிழமைகளில் கொண்டுபோவா.
இந்தப் பை மட்டும் நிரம்பி நிரம்பி வெறுமையாகும்.
இதில் சுணங்க
எனக்கு உரிமை இல்லை.
எத்தனை தொப்பி திரும்பி வீட்டுக்குப் போனது என்று
நான் கேட்டதில்லை,
அவ சொன்னதும் இல்லை.

ஐந்தாவது என்ன என்று எனக்கே தெரியாது.
மஞ்சள்.
அகலமாய் வருகிறது.

"ஆர் இந்த ஊரில கம்பளி போடுறது?"
பக்கத்து வளவுப் புனிதமலருக்கு விளங்குவதில்லை.
"ஒண்டை முடிச்சுப்போட்டு மற்றதை எடன்."
"நீ ஒரு கறியோடை சோறு தின்னுறனியே?"
அதற்கு மேல் அவள் கதைக்கவில்லை.
உண்மையைச் சொல்லியிருக்கலாம்:
ஒன்றை முடித்து மடித்து வைக்கிற இரவில்
வீடு பெரிதாகிவிடுகிறது,
கூரையில் விழுகிற ஒவ்வொரு துளியும்
தனித்தனியாய்க் கேட்கிறது.

நேற்று வாடைக்காற்றுக்குக் கரண்ட் போனது.
விளக்குத் திரி நனைந்து கிடந்தது.
கைக்கு வந்ததை எடுத்து இருட்டில் பின்னினேன்.
கிணற்றடித் தவக்கைகள் என்னை எண்ண விடவில்லை;
நான் முப்பது என்றால்
அவை நாற்பது நாற்பது என்றன.

விடியப் பார்த்தால்
மஞ்சளுக்குள் பதினொரு வரி நீலம்.

வடிவுதான். ஆனாலும் விடவில்லை.
நுனியைப் பிடித்து இழுத்தேன்.
நனைந்த நாய் உதறினமாதிரிச் சுருள் சுருளாய்
மடியில் வந்து விழுந்தது முழு இரவும்.
நட்டம் என்று படவில்லை.
மார்கழி இன்னும் பதினெட்டு நாள் கிடக்கிறது;
செலவழித்த ஓர் இரவு
சில்லறையாய்த் திரும்பி வந்திருக்கிறது.

பத்து மணிக்கு வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.
பூஞ்சணம் பிடிக்கப் போகிறதென்று
பைகளைக் கொடியில் கொழுவினேன்.
வேலிக்கு மேலால் புனிதமலர்
விரல் விட்டு எண்ணினாள்,
திரும்பவும் எண்ணினாள்.

"இதென்ன, ஆறு?"

"அது நேற்றுத் தொடங்கினது" என்றேன்.